படத்தில் இல்லாத முடிவுகள்: இணையதள வடிவமைப்பாளரோடு சேர்ந்து வேலை செய்வது பற்றி ஓர் ஆய்வு

ஓர் இணையதளம் உருவாகும்போது பணம் போடுபவர், உள்ளடக்கம் எழுதுபவர், வடிவமைப்பவர், நிரல் எழுதுபவர் என்று குறைந்தது நான்கு தரப்பாவது இருக்கும். உரசல் பெரும்பாலும் வடிவமைப்பாளருக்கும் மற்ற மூவருக்கும் நடுவில்தான் வரும். "நான் கொடுத்த டிசைன் இது இல்லையே" என்பார் வடிவமைப்பாளர். "அதையெல்லாம் பிரவுசரில் கொண்டுவர முடியாது" என்பார் நிரலாளர். "நான் கேட்டதை ரெண்டு பேருமே செய்யலை" என்பார் பணம் போட்டவர்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஆட்களின் குணம். கலைஞர்கள் பிடிவாதக்காரர்கள், நிரலாளர்களுக்கு ரசனை கிடையாது, வாடிக்கையாளருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது என்பார்கள். இணைய வடிவமைப்பின் முப்பது ஆண்டு வரலாற்றையும், இன்று புழங்கும் வேலைமுறைகளையும், தமிழ்த் தளங்களுக்கே உரிய சிக்கல்களையும் சேர்த்துப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. வடிவமைப்புப் படத்தில் எடுக்காமல் விட்ட முடிவு எடுக்கப்படாமலே போய்விடுவதில்லை. வேலை வரிசையில் கடைசியாக நிற்பவர், பெரும்பாலும் தளம் வெளியாவதற்கு முந்தைய இரவில், யாரையும் கேட்க நேரமில்லாமல் அதை எடுத்துவிடுகிறார். மறுநாள் காலையில் எல்லோரும் சண்டை போடுவது அந்த முடிவைப் பற்றித்தான். எந்த முடிவை யார், எப்போது, எதைத் தெரிந்துகொண்டு எடுப்பது என்று முன்கூட்டியே தீர்த்துக்கொள்வதுதான் நல்ல கூட்டுவேலையின் பெரும்பகுதி என்பது இக்கட்டுரையின் வாதம்.

அச்சுத் தொழில் விட்டுச்சென்ற பழக்கம்

ஜெனீவா அருகிலுள்ள சேர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கி, 1991இல் வெளியுலகுக்கு அறிமுகமான வலையில் வடிவமைப்பாளருக்கு வேலையே இல்லை. எழுத்தும் இணைப்பும் மட்டும்தான் இருந்தன. எழுத்து எந்த அளவில், எந்த உருவில் தெரியும் என்பதைப் படிப்பவரின் கணினியே தீர்மானித்தது. 1993இல் மொசைக் உலாவி எழுத்துக்கு நடுவிலேயே படத்தையும் காட்டிப் பரவலான பிறகு, பத்திரிகையிலும் விளம்பரத்திலும் இருந்தவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். அச்சுத் தொழிலின் நம்பிக்கைகளும் அவர்களோடு வந்தன. தாளின் அளவு மாறாது. அச்சேறிய பிறகு எதுவும் நகராது.

அந்த நம்பிக்கைக்கு ஏற்ப வலையை வளைக்கும் தந்திரங்கள் பிறந்தன. 1996இல் வந்த டேவிட் சீகலின் 'கிரியேட்டிங் கில்லர் வெப் சைட்ஸ்' அவற்றைப் பிரபலமாக்கியது. கண்ணுக்குத் தெரியாத அட்டவணைகளால் பக்கத்தைக் கட்டம் கட்டுவார்கள். ஒரே ஒரு பிக்சல் அளவுள்ள, நிறமற்ற ஜிஃப் படத்தை இழுத்து நீட்டி இடைவெளி உண்டாக்குவார்கள். வடிவமைப்பாளர் போட்டோஷாப்பில் முழுப் பக்கத்தையும் ஒரே படமாக வரைந்து தர, நிரலாளர் அதை 'ஸ்லைஸ்' செய்து கட்டங்களில் அடுக்குவார். ஃபைலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் இன்றைய வழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

எதிர்த்திசையிலும் ஓர் ஓட்டம் இருந்தது. உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் பிரித்துவைக்கும் யோசனையை ஹோகோன் வியூம் லீ 1994இல் முன்வைத்தார். பெர்ட் போஸும் அவரும் சேர்ந்து வளர்த்த சிஎஸ்எஸ் மொழியின் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் முறையான பரிந்துரையாக வெளிவந்தது. அதன் வலிமையை வடிவமைப்பாளர்களுக்கு உறைக்கவைத்தது, 2003இல் டேவ் ஷே தொடங்கிய 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்'. எச்டிஎம்எல் எல்லோருக்கும் ஒன்றே, அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது, சிஎஸ்எஸ் ஃபைலையும் அதற்கான படங்களையும் மட்டும் அனுப்பலாம் என்பது விதி. ஒரே உரை நூற்றுக்கணக்கான முகங்களோடு வந்து நின்றது. தான் புழங்கும் ஊடகத்தின் இயல்பு தெரிந்த வடிவமைப்பாளர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

அதற்கு முன்பே, 2000இல், ஆஸ்திரேலியரான ஜான் ஆல்சாப் 'எ டாவோ ஆஃப் வெப் டிசைன்' கட்டுரையில், அச்சில் இருக்கும் கட்டுப்பாட்டை வலையில் தேடுவது வீண் என்றும், வலையின் நெகிழ்வே அதன் பலம் என்றும் எழுதியிருந்தார். 2007இல் ஐபோன் வந்தபோது அந்த வாதம் நடைமுறைத் தேவையாகிவிட்டது. 2010 மே மாதம் ஈதன் மார்கோட், எந்தத் திரைக்கும் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் வடிவமைப்புக்கான வழியை வகுத்துத் தந்தார். நெகிழும் கட்டம், நெகிழும் படம், திரைக்கேற்ப மாறும் விதிகள் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். அடுத்த ஆண்டே 'பாஸ்டன் குளோப்' நாளிதழ் அந்த முறையில் தன் தளத்தை வெளியிட்டது. தளம் என்பது ஒரே ஒரு படம் என்ற எண்ணம் தொழில்நுட்ப அளவில் அத்தோடு முடிந்தது. ஆனால் ஒப்பந்தங்களும் சம்பளப் பட்டியல்களும் மீட்டிங்குகளும் அந்த எண்ணத்தின்படியே இன்றும் நடக்கின்றன.

மூன்று வேலைமுறைகள்

இன்று புழக்கத்திலுள்ள முறைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது கையளிப்பு. வடிவமைப்பாளர் எல்லாப் பக்கங்களையும் முடிப்பார், வாடிக்கையாளர் ஒப்புதல் தருவார், பிறகு ஃபைல் நிரலாளரிடம் போகும். கணக்குப் பார்க்க வசதியானது என்பதால் சிறு நிறுவனங்கள் இதை விடுவதில்லை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு பில் போடலாம். இதன் குறை, நிரலாளர் கேள்வி கேட்கத் தொடங்கும் நாளில் வடிவமைப்பாளர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார். வாடிக்கையாளர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட படத்தை மாற்றச் சொல்லும் துணிவும் யாருக்கும் இருக்காது.

இரண்டாவது, உலாவியிலேயே வடிவமைப்பது. 37சிக்னல்ஸ் நிறுவனத்தின் ஜேசன் ஃபிரீட், தாங்கள் போட்டோஷாப்பைத் தவிர்த்துவிட்டு நேரே எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் பக்கம் போய்விடுவதாக 2008இல் எழுதினார். படத்தைச் சொடுக்க முடியாது, அதில் உரை ஓடாது, அதை உபயோகித்துப் பார்க்க முடியாது என்பது அவரது வாதத்தின் சாரம். நிரல் தெரிந்த வடிவமைப்பாளர்கள் உள்ள சிறு குழுவுக்கு இது அருமையான வழி. ஆனால் நிரலில் எளிதாக வருவதைத்தான் கை முதலில் செய்யும். தளங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோலத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லா வடிவமைப்பாளர்களும் நிரல் எழுத வேண்டும் என்ற வலியுறுத்தல், நிரல் எழுதாத நல்ல காட்சிக் கலைஞர்களை வெளியே தள்ளவும் செய்யும். சிஎஸ்எஸ்ஸில் எது எளிது, எது கடினம் என்று தெரிந்திருந்தால் போதும். எழுதத் தெரிந்திருப்பது கட்டாயமில்லை.

மூன்றாவது, தொடக்கத்திலிருந்தே ஒரே குழுவாக உட்காருவது. இது கணினிக்கு முந்தையது. 1949இல் தொடங்கிய டாய்ல் டேன் பெர்ன்பாக் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுபவரையும் ஓவிய இயக்குநரையும் வில்லியம் பெர்ன்பாக் ஜோடியாக வேலை செய்யவைத்தார். அதுவரை வாசகத்தை எழுதி ஓவியப் பிரிவுக்கு அனுப்பிவிடுவதுதான் வழக்கம். விளம்பரத் துறையே பிறகு இந்த ஜோடி முறைக்கு மாறியது. வலையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பிரிட்டன் அரசின் தளம். எழுதுபவர், வடிவமைப்பவர், நிரலாளர், பயனரை ஆராய்பவர் எல்லோரும் ஒரே குழுவாக இருந்து கட்டிய அந்தத் தளம் 2012 அக்டோபரில் வெளியானது. பார்வைக்குப் பகட்டே இல்லாத தளம் அது. அடுத்த ஆண்டு லண்டன் டிசைன் மியூசியம் அதற்குத்தான் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதைக் கொடுத்தது.

ஓர் அமைப்புக்குள் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ அந்த உருவம் அவர்கள் கட்டும் பொருளிலும் விழும் என்று மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். மென்பொருள் உலகம் இதைக் கான்வே விதி என்கிறது. வடிவமைப்பாளரும் நிரலாளரும் மேனேஜர் வழியாக மட்டும் பேசிக்கொண்டால், தளத்தில் தையல் தெரியும். மூன்று முறைகளில் மூன்றாவது சிறந்தது என்பதில் பெரிய தகராறு இல்லை. சிறு நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி. அத்தனை பேரையும் முழுநேரமும் ஒன்றாக உட்காரவைக்க முடியாதவர்கள், எந்தெந்த நேரத்தில் ஒன்றாக உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும். அதற்குப் படம் எதையெல்லாம் காட்டுவதில்லை என்று பார்க்க வேண்டும்.

ஒரு செய்திக் கட்டத்தின் கதை

உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்றின் முகப்பை எடுத்துக்கொள்வோம். வடிவமைப்பு ஃபைலில் ஒரு செய்திக் கட்டம் இருக்கிறது. மேலே அகலமான புகைப்படம். கீழே "மழை எச்சரிக்கை" என்று ஒற்றை வரித் தலைப்பு. அதன் கீழே இரண்டு வரிச் சுருக்கம், நிருபர் பெயர், நேரம். முகப்பில் இப்படி அடுக்கிய ஆறு கட்டங்களிலும் ஒரே நீளத் தலைப்பு, ஒரே வெளிச்சத்தில் எடுத்த படங்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. வாடிக்கையாளர் ஓகே சொல்லிவிட்டார்.

தளம் வெளியாகிறது. முதல் நாளே வரும் தலைப்பு: "அணைக்கு நீர்வரத்து அதிகரிப்பு: கரையோர கிராம மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்ல ஆட்சியர் வேண்டுகோள்". செல்போன் திரையில் இது ஐந்து வரி. பக்கத்துக் கட்டம் ஒரு வரியோடு நிற்க, வரிசை மேடுபள்ளமாகிறது. இரண்டு வரிக்கு மேல் போனால் மூன்று புள்ளி வைத்து வெட்டலாம் என்று நிரலாளர் தானே முடிவெடுக்கிறார். இப்போது திரையில் தெரிவது "அணைக்கு நீர்வரத்து அதிகரிப்பு: கரையோர…". செய்தியின் உயிரான பகுதி போய்விட்டது. ஆசிரியர் குழுவுக்குக் கோபம், வடிவமைப்பாளருக்கு வருத்தம். நிரலாளருக்கோ தன்மீது என்ன தப்பு என்றே புரியவில்லை.

இன்னும் பல கேள்விகள் அந்தக் கட்டத்துக்குள்ளேயே இருந்தன. படமே இல்லாத செய்தி வந்தால் என்ன காட்டுவது? செல்போனில் நெட்டுக்குத்தாக எடுத்த படம் வந்தால் எங்கே வெட்டுவது, ஆளின் தலை போய்விடாதா? சுருக்கம் எழுதாவிட்டால் அந்த இடம் காலியாக நிற்குமா, மேலே ஏறிக்கொள்ளுமா? நெட் மெதுவாக இருந்தால் படம் வரும்வரை அங்கே என்ன இருக்கும்? தேடலில் ஒரு செய்தியும் கிடைக்காவிட்டால்? ஒன்றே ஒன்று கிடைத்தால்? நானூறு கிடைத்தால்? மௌஸ் மேலே போனால் நிறம் மாறும் என்று போட்டிருக்கிறது. விரலால் தொடும் போனில் அது என்னவாகும்? எந்தக் கேள்விக்கும் படத்தில் விடை இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தளத்தில் ஏதோ ஒரு விடை இருந்தே தீரும்.

இதற்குத் தொழிலில் நிரூபணமான இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, வடிவமைப்பு தொடங்குமுன் உண்மையான உள்ளடக்கத்தைக் கையில் கொடுப்பது. அர்த்தமற்ற லத்தீன் நிரப்புரையை ஊற்றி வரைந்த கட்டம் எல்லா நாளும் அழகாகத்தான் இருக்கும். வாடிக்கையாளரிடம் உள்ளவற்றிலேயே மிக நீளமான தலைப்பு, மிக மோசமான படம், மிகச் சிறிய கட்டுரை ஆகிய மூன்றையும் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கி வடிவமைப்பாளரிடம் சேர்ப்பது, பிற்பாடு பல வாரத் தலைவலியைத் தவிர்க்கும். இரண்டாவது, முழுப் பக்கங்களுக்குப் பதிலாக உறுப்புகளாக யோசிப்பது. பிராட் ஃபிராஸ்ட் 2013இல் முன்வைத்து, 2016இல் நூலாக்கிய 'அட்டாமிக் டிசைன்' இதைத்தான் சொல்கிறது. பட்டன், உள்ளீட்டுப் பெட்டி போன்ற சிறு கூறுகளிலிருந்து கட்டங்கள், கட்டங்களிலிருந்து பகுதிகள், பகுதிகளிலிருந்து பக்கங்கள் என்று வளர்ப்பது. அப்படி யோசிக்கும்போது ஓர் உறுப்பின் எல்லா நிலைகளையும் பற்றிக் கேட்காமல் இருக்க முடியாது.

தமிழ் எழுத்து கேட்கும் கூடுதல் கவனம்

தமிழ்த் தளங்களில் இந்தப் பிரச்சினைக்கு இன்னொரு அடுக்கு உண்டு. பெரும்பாலான வடிவமைப்பு வார்ப்புருக்கள் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. மெனுவில் மூன்றே எழுத்துச் சுருக்கமாக ஆங்கிலத்தில் நிற்கும் பகுதி, தமிழில் "அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்" என்று அரைத் திரையைப் பிடித்துக்கொள்ளும். ஆறு எழுத்துப் பட்டனில் "சமர்ப்பிக்கவும்" அடங்காது. தமிழ்ச் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்வதால் செல்போனின் குறுகிய வரியில் மடியாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஃபான்ட் தேர்வில்தான் பெரிய விபத்துகள் நடக்கின்றன. இந்திய வடிவமைப்பாளர்கள் விரும்பி எடுக்கும் பாப்பின்ஸ் எழுத்துருவில் லத்தீனும் தேவநாகரியும் உண்டு, தமிழ் கிடையாது. படத்தில் ஆங்கிலத் தலைப்பு பாப்பின்ஸில் மிளிரும். தளத்தில் தமிழ்த் தலைப்பை ஏற்றியதும் உலாவி அந்தந்தக் கருவியில் உள்ள தமிழ் எழுத்துருவைத் தேடிப் போகும். விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஆப்பிளில் தமிழ் சங்கம் என்று ஒரே தளம் மூன்று முகத்தோடு திரியும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு தமிழில் இல்லை என்பதால், ஆங்கிலப் பெரிய எழுத்துகளை நம்பித் தலைப்புக்கும் துணைத்தலைப்புக்கும் வித்தியாசம் காட்டிய வடிவமைப்பு தமிழில் தட்டையாகிவிடும். போல்டு வடிவம் இல்லாத எழுத்துருவைத் தடித்த எழுத்தாக்கச் சொன்னால், உலாவி தானே கோட்டைத் தடிப்பாக்கும். சின்ன அளவில் 'ண', 'ஞ' போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். மேலே விசிறியும் கீழே உகரக் கொக்கியும் உள்ள எழுத்துக்கு ஆங்கிலத்துக்குப் போட்ட வரி இடைவெளி போதாது.

பழைய வினை ஒன்றும் தொடர்கிறது. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும், அச்சகங்களோடு பழகிய வடிவமைப்பாளர்கள் பலர் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விடவில்லை. பழைய போட்டோஷாப் பதிப்புகளில் யூனிகோட் தமிழின் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறியதும் அதற்கு ஒரு காரணம். அந்த ஃபைலிலிருந்து உரையை எடுத்துத் தளத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்தான் வரும். கூகுளின் தேடலுக்கும் அது தமிழாகத் தெரியாது.

இதற்கெல்லாம் தீர்வு கடினமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, பாலு தம்பி என்று பல தடிமன்களில் கிடைக்கும் இலவசத் தமிழ் எழுத்துருக்கள் இன்று இருக்கின்றன. முதல் மாக்கப்பையே தமிழ் உரையில், யூனிகோடில், ஒரு செல்போன் அகலத்தில் வரைந்து தாருங்கள் என்று வடிவமைப்பாளரிடம் முதல் நாளே கேட்டுக்கொண்டால் மேற்சொன்னவற்றில் முக்கால்வாசி வெளியீட்டுக்கு வெகு முன்பே கண்ணில் பட்டுவிடும்.

கருத்துச் சொல்லும் கலை

வடிவமைப்பாளர்களை அதிகம் சோர்வடையச் செய்வது வேலைப் பளுவைவிடக் கருத்துச் சொல்லப்படும் விதம். வாட்ஸ்அப்பில் இரவு பதினொரு மணிக்கு வரும் "இன்னும் கொஞ்சம் ரிச்சா இருக்கலாம்" என்ற வரியை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. வாடிக்கையாளர் தீர்வைச் சொல்வார். அதற்குப் பின்னாலுள்ள பிரச்சினையைச் சொல்ல மாட்டார். அதை வரவழைப்பது மற்றவர்களின் வேலை. பாத்திரக்கடைக்காரர் ஒருவருக்கும் வடிவமைப்பாளருக்கும் இடையில் வழக்கமாக நடக்கக்கூடிய பேச்சு இது:

"லோகோவை இன்னும் பெரிசு பண்ணுங்க தம்பி."

"பண்ணிடலாம் அண்ணாச்சி. எங்க பார்க்கும்போது சின்னதா தெரிஞ்சுது?"

"எனக்குச் சரியாத்தான் தெரியுது. என் மச்சான் போன்ல பார்த்துட்டு, இது நம்ம கடைதானான்னு கேட்டாரு."

பிரச்சினை லோகோவின் அளவில் இல்லை. செல்போனின் முதல் திரையில் எந்த ஊர், எந்தத் தெரு, எந்தக் கடை என்பது தெரியவில்லை. கடையின் முகப்புப் படமும் தெருப் பெயரும் தலைப்பில் வந்தால் அண்ணாச்சிக்கு நிறைவு. லோகோவும் இருந்த அளவிலேயே இருக்கும். ஒரே ஒரு கேள்வி அந்தத் திருத்தத்தின் திசையை மாற்றிவிட்டது.

கருத்துச் சொல்வோரின் எண்ணிக்கையும் முக்கியம். ஐந்து பேர் ஆளுக்கொன்று சொல்ல, எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யப் பார்த்தால் யாருக்கும் பிடிக்காத பக்கம்தான் மிஞ்சும். வாடிக்கையாளர் தரப்பில் கருத்துகளைத் தொகுத்து, முரண்களைத் தீர்த்து அனுப்ப ஒருவர் வேண்டும். எதைப் பற்றிய கருத்து எப்போது என்பதையும் வரிசைப்படுத்த வேண்டும். பக்க அமைப்பைப் பேசும் நாளில் நிறத்தைப் பேசக்கூடாது. சமந்தா வாரன் 2012இல் எழுதிய 'ஸ்டைல் டைல்ஸ்' முறை இதற்கு உதவும். முழுப் பக்கம் வரையாமல் நிறம், எழுத்துரு, பட்டன், படத்தின் பாங்கு ஆகியவற்றை மட்டும் ஒரு சிறு பலகையில் வைத்து ரசனையை முதலில் தீர்த்துக்கொள்வது அது.

அளவெடுப்பதற்கும் ரசனைக்கும் உள்ள எல்லைத் தகராறுக்குப் புகழ்பெற்ற வழக்கு கூகுளில் நடந்தது. அங்கே காட்சி வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய டக்ளஸ் பௌமன் 2009இல் விலகும்போது காரணத்தை எழுதிவைத்தார். இரண்டு நீலங்களில் எது என்று முடிவுசெய்ய முடியாத குழு அவற்றுக்கு இடைப்பட்ட 41 நீலங்களைச் சோதித்ததையும், ஒரு கோடு 3 பிக்சலா, 4 பிக்சலா, 5 பிக்சலா என்பதற்கும் நிரூபணம் கேட்கப்பட்டதையும் அதில் குறிப்பிட்டார். பிற்காலத்தில் கூகுளின் பிரிட்டன் நிர்வாகி ஒருவர், விளம்பர இணைப்புகளுக்குச் சரியான நீலத்தைக் கண்டுபிடித்ததால் ஆண்டுக்கு 20 கோடி டாலர் கூடுதலாக வந்தது என்றார். இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. கோடிக்கணக்கானோர் தினமும் சொடுக்கும் ஒரே இணைப்பின் நிறத்தைச் சோதிக்கலாம். மாதம் சில ஆயிரம் பேர் வரும் தளத்தில் அத்தகைய சோதனைக்கு வேண்டிய ஆட்களே கிடைக்க மாட்டார்கள். அங்கே தேர்ந்த கண்ணை நம்புவதே சிக்கனம். ஆகவே எந்த முடிவு அளந்து எடுப்பது, எது வடிவமைப்பாளரின் தீர்ப்புக்கு விடுவது என்பதை வேலை தொடங்கும்போதே பிரித்துவைத்தால் மனக்கசப்பு குறையும்.

எண்களில் பேச முடிந்தவை

ரசனைச் சண்டைகள்போலத் தோன்றும் சில, உண்மையில் எண்ணால் தீர்பவை. எழுத்தின் நிறத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது உலகளாவிய அணுகல்தன்மை வழிகாட்டியின் நடுத்தர நிலை. பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற சாம்பல் 4.48 பெற்றுத் தோற்கும். ஒரே ஒரு படி அடர்த்தி கூடிய 767676 என்ற சாம்பல் 4.54 பெற்றுத் தேறிவிடும். இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. "சாம்பல் மங்கலா இருக்கு", "இல்லை, அதுதான் நாகரிகம்" என்ற வாதத்தை இந்த எண் நிமிடத்தில் முடித்துவைக்கும். பத்து லட்சம் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் சோதிக்கும் வெப்எய்ம் அமைப்பின் ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பக்கங்களில் மங்கிய எழுத்துதான் முதல் குறையாக வருகிறது.

விரலால் தொடும் இடத்துக்கு ஆப்பிள் 44 புள்ளி, ஆண்ட்ராய்டு 48 அலகு என்று அளவு வைத்திருக்கின்றன. வேகத்துக்குக் கூகுள் மூன்று அளவுகளைச் சொல்கிறது. பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். சொடுக்கினால் 200 மில்லிநொடிக்குள் பதில் வர வேண்டும். படிக்கும்போதே பக்கம் குதிக்கும் அளவு 0.1ஐத் தாண்டக்கூடாது. முதலாவதை முகப்பில் வைக்கும் பெரிய படமும், மூன்றாவதைப் படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் இடம் ஒதுக்காத அமைப்பும் கெடுக்கின்றன. அதாவது இவை நிரலாளரின் அளவுகள் மட்டுமில்லை. முழுத்திரை வீடியோ ஒன்றை முகப்பில் வரைந்த கணமே வேகத்தின் விதி பாதி எழுதப்பட்டுவிடுகிறது. இத்தனை கேபிக்குள் முகப்பு அடங்க வேண்டும் என்ற வரம்பை வடிவமைப்பாளரிடம் முன்னரே சொன்னால் அதற்குள் அவர் விளையாடுவார். முடித்த பிறகு சொன்னால் அது அவர் வேலையை வெட்டுவதாகத்தான் தெரியும்.

கருவிகள் எவ்வளவு தீர்த்தன?

2010இல் வந்த ஸ்கெட்ச், 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஃபிக்மா ஆகியவை பழைய தொல்லைகள் சிலவற்றை ஒழித்தன. ஃபிக்மாவில் உலாவியிலேயே ஒரே ஃபைலைப் பலர் ஒரே நேரத்தில் திறந்து பார்க்க முடிந்ததால், 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் லேட்டஸ்ட்' என்ற ஃபைல் பெயர்கள் குறைந்தன. இடைவெளி எத்தனை பிக்சல், நிறம் என்ன குறியெண் என்று நிரலாளர் தானே பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கருவிக்கு வந்த மதிப்பை, 2022இல் அடோபி 2,000 கோடி டாலருக்கு ஃபிக்மாவை வாங்க முன்வந்ததிலிருந்து அறியலாம். ஐரோப்பிய, பிரிட்டன் ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்ப்பால் அடுத்த ஆண்டு டிசம்பரில் அது கைவிடப்பட்டது.

ஆனால் கருவி காட்டுவது எடுத்த முடிவுகளை மட்டுமே. ஃபைலில் பதினேழு வகைச் சாம்பல் நிறம் இருந்தால் பதினேழையும் துல்லியமாகக் காட்டும். ஏன் பதினேழு என்று கேட்காது. நிறங்களுக்கும் இடைவெளிகளுக்கும் பொதுப் பெயர் வைத்து, ஃபைலிலும் நிரலிலும் ஒரே பெயரைப் புழங்குவது நல்ல பலன் தரும் வழக்கம். "அந்த லைட் புளூ" என்பதற்குப் பதிலாக "எச்சரிக்கை நிறம்" என்று இருவரும் சொன்னால், நாளை நிறம் மாறினாலும் பேச்சு மாறாது. அந்தப் பெயரை வைக்க இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தாக வேண்டும். இப்போது ஒரு வரி எழுதினால் பக்கத்தையே வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அவை தரும் பக்கமும் நல்ல படங்களோடு, அளவான தலைப்புகளோடுதான் வருகிறது. ஐந்து வரித் தலைப்பு வந்தால் என்ன செய்வது என்று அங்கும் யாராவது கேட்டாக வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

கூட்டுவேலை பற்றிய பேச்சுகள் பெரும்பாலும் மனப்பான்மையில் தொடங்கி மனப்பான்மையிலேயே முடிந்துவிடும். ஆனால் பழக்கத்தை உண்டாக்குவது பணம் கைமாறும் முறை. எத்தனை சுற்றுத் திருத்தம், ஒரு சுற்று என்றால் என்ன, அதற்கு மேல் போனால் என்ன கட்டணம் என்பதை எழுதிக்கொள்ளாத வேலை கசப்பில்தான் முடியும். எழுத்துரு உரிமத்தையும் பார்க்க வேண்டும். கணினியில் பயன்படுத்த வாங்கிய உரிமம் பல நேரம் தளத்தில் ஏற்ற உரிமை தராது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். பணம் கொடுத்துவிட்டோம், எல்லாம் நமதே என்று நம்பியிருக்கும் வாடிக்கையாளர்கள் அறிய வேண்டிய விஷயம் இது.

இந்த ஆய்வு சுட்டும் மாற்றங்களில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், அது வடிவமைப்பாளரின் கட்டணத்தைப் பிரிக்கும் முறையாக இருக்கட்டும். இன்று அவரது கடைசித் தவணை ஃபைல் கைமாறும் நாளில் முடிந்துவிடுகிறது. கேள்விகள் பிறப்பதோ அதற்கு மறுநாள். அவரது வேலை நாட்களில் ஒரு பங்கை நிரல் எழுதப்படும் வாரங்களுக்கும், இன்னொரு பங்கைத் தளம் வெளியான முதல் மாதத்துக்கும் ஒதுக்கி, அதற்குத் தனியாகப் பணம் கொடுத்தால், நீளமான தலைப்பை எங்கே வெட்டுவது என்ற கேள்வி நிரலாளரின் தலையில் மட்டும் விழாது. நிரலாளரின் முதல் சில நாட்களை வடிவமைப்பு தொடங்கும் வாரத்துக்கு முன்னே நகர்த்தினால், கொண்டுவர முடியாததை யாரும் வரையவும் மாட்டார்கள். இதனால் மொத்தச் செலவு பெரிதாக அதிகரிக்காது. ஏற்கெனவே கடைசி வாரத்தில் செய்துகொண்டிருக்கும் திருத்த வேலைதான் முன்வாரங்களுக்கு நகர்கிறது.